நெட்டி டாக்டரும் ஆந்தையின் முதுகும்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது அன்று காலையில் என்னிடம் கேட்டிருந்தால், மூச்சு விடாமல் பெருமை பேசியிருப்பேன். அன்று சாயங்காலம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. அந்த அதிர்ச்சி இன்னும் உடம்பைவிட்டு முழுசாகப் போகவில்லை.

அவர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். படுக்கை போட்ட பெரிய ராத்திரி வண்டி. இங்கே விளக்கு போடும் நேரத்தில் கிளம்பினால் விடிந்ததும் தலைநகரில் போய் நிற்கும். மறுநாள் ராத்திரி அங்கிருந்து திரும்பும். பஸ் நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை. போனில் யாரென்று கேட்டால் கூசாமல் “ஆந்தை பேசுறேன்” என்பார். எரிச்சல் எனக்குத்தான். ஆந்தை பெண்டாட்டி என்றால் என்னை என்னவென்று சொல்வார்கள்?

நீண்ட ஓட்டம் என்பதால் வண்டிக்கு இரண்டு டிரைவர். கூட ஓட்டுவது என் சொந்தத் தம்பி. ஒரு வேலையிலும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் அவர் கையில் பிடித்துக் கொடுத்தேன். “உங்களை மாதிரி ஆக்கிவிடுங்க” என்று சொன்னதும் நான்தான். அப்படியே ஆக்கிவிட்டார், சும்மா சொல்லக் கூடாது.

வீடு திரும்பும் காலைகளில் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். செருப்பைக் கழற்றக் குனிய முடியாது, காலாலேயே உதறிவிடுவார். கட்டிலுக்குப் போகமாட்டார். வெறுந்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, “தரை ஆடுது, கொஞ்சம் பிடிச்சுக்க” என்பார். தூக்கத்தில் அவருடைய வலது கால் போர்வையை அமுக்கி அமுக்கி பிரேக் போடும். மேல் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மறுபடி தூக்கம் வராது. அந்தக் கோபம் முழுக்க என் தலையில் விடியும். டீயில் சர்க்கரை கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. பயணக் களைப்பு என்று எல்லாரும் லேசாகச் சொல்கிறார்கள். அது ஒரு மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. தைலம் தேய்த்தேன். வெந்நீர்ப் பை வைத்தேன். உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டிப் பகலை ராத்திரி ஆக்கினேன். நான் வேலை பார்ப்பது குழந்தைகள் காப்பகத்தில். அங்கே பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இந்தப் பெரிய பிள்ளையைத் தூங்க வைப்பது என் தலையெழுத்து. ஒரு நாள் என் புலம்பல் தாங்காமல் கூட வேலை பார்க்கிறவள், “ஒரு கைரோபிராக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன், முதுகெலும்பைக் கையாலேயே சரி பண்ணுவாங்க” என்றாள்.

மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். நீளமான ஒரு அறையைத் திரை போட்டுப் பிரித்திருந்தார்கள். ஒரு தடுப்பில் முதுகு, அடுத்ததில் ஊசி வைத்தியம், கடைசியில் கண்ணாடிக் குப்பிகளை முதுகில் கவிழ்த்து ரத்தத்தை இழுக்கிற வைத்தியமும் மூலிகை ஆவியும். முதுகு பார்ப்பது ஒரு பெண். குள்ளமான உருவம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். இந்த அம்மாவா இவ்வளவு பெரிய உடம்பைத் திருப்பப் போகிறது என்று நினைத்து முடிப்பதற்குள், என் வீட்டுக்காரருடைய இடுப்பில் ஒரு கையும் தோளில் ஒரு கையும் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார் பாருங்கள்! மடமடவென்று சத்தம். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“ஐயோ, உடைச்சுட்டீங்களே!”

“உடையலம்மா. நெட்டி முறிச்ச சத்தம்தான். நீங்க உக்காருங்க.”

அன்றிலிருந்து அந்த அம்மா எங்கள் வீட்டில் நெட்டி டாக்டர் ஆகிவிட்டார். அடுத்த தடுப்பில் ஊசிக்காரர் இவருடைய காலிலும் காதிலும் மெல்லிசான ஊசிகளைக் குத்தி அரை மணி நேரம் படுக்க வைத்தார். திரையை விலக்கிப் பார்த்தால் முள்ளம்பன்றி மாதிரி கிடந்தார் மனுஷன். வாயைத் திறந்து குறட்டை வேறு. எவ்வளவு காலமாயிற்று அந்தக் குறட்டையைப் பகல் வெளிச்சத்தில் கேட்டு! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நிஜமாகவே குணம் தெரிந்தது. வெளிச்சம் படாமல் எப்படித் தூங்குவது, எழுந்ததும் எப்படிக் கைகால் நீட்டுவது, ஓட்டத்துக்கு நடுவில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று நெட்டி டாக்டர் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்தார். சிரிப்பு திரும்பி வந்தது. தம்பியையும் இழுத்துக்கொண்டு போனார். ஆனால் ஒரு வினோதம். சிகிச்சை முடிந்து நேராக நடந்து வருகிற மனுஷன், ஒரு ஓட்டம் போய்விட்டு வந்தால் பழையபடி கோணிக்கொண்டு வந்து நிற்பார். நேராக்குவதும் கோணுவதுமாகவே போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் இவர்கள் வண்டி எடுக்க வேண்டும். எங்கள் மகள் தலைநகரில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறை முடிந்து அவளும் அதே வண்டியில் விடுதிக்குத் திரும்புவதாக இருந்தது. அப்பா வண்டி இருக்கும்போது வேறு வண்டியில் அவளை ஏற்ற எனக்கு மனசே வராது. காலையில் அவளை வீட்டில் துணிமணி அடுக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மூன்று பேரும் சிகிச்சைக்குப் போனோம்.

நெட்டி டாக்டர் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கிட்ட நிறைய டிரைவருங்க வர்றாங்க. உக்காந்து உக்காந்து கீழ்முதுகு இறுகிப்போயிருக்கும், கழுத்து முன்னாடி வந்திருக்கும். உங்களுக்கு அது மட்டும் இல்ல. இடுப்பு ஒரே பக்கமா திருகியிருக்கு. நான் நேராக்கி அனுப்புறேன், நீங்க அதே பக்கம் திருகிக்கிட்டு வர்றீங்க. எங்க போய்த் திருகுறீங்க?”

“நான் திருகலையே டாக்டர். ஸ்டீரிங்கைத்தான் திருப்புறேன்” என்று சிரித்தார் இவர்.

“சரி, இதை உங்க சீட்டுன்னு வெச்சுக்குங்க. எப்படி உக்காருவீங்க, எப்படி எந்திரிப்பீங்க, தினமும் செய்யுற மாதிரியே செஞ்சு காட்டுங்க” என்று ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். ஸ்டீரிங்குக்கு எதைக் கொடுப்பது? மேஜை மேலிருந்த பெரிய வட்டத் தட்டை எடுத்து, அதில் இருந்த பஞ்சையெல்லாம் கொட்டிவிட்டு, அவர் முன்னால் தானே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் உட்கார்ந்தார். தட்டைப் பிடித்தார். வலது காலைத் தரையில் ஊன்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிவிட்டது. கண் எங்கோ தூரத்தில் ரோட்டைப் பார்த்தது.

“இப்ப எந்திரிங்க” என்றார் டாக்டர்.

அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, “மாப்ள” என்று மெதுவாக ஒரு குரல் கொடுத்தார்.

சுவரோரப் பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டிருந்த என் தம்பி, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வந்தான். அவனை யாரும் வந்து செய்துகாட்டச் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவருடைய தோளுக்கு மேலே கையை நீட்டித் தட்டைப் பிடித்தான். இவர் காலை எடுக்காமலே இடுப்பை மட்டும் தூக்கி ஒரு திருகு திருகினார். அந்த இடைவெளியில் தம்பி வழுக்கிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தான். அவனுடைய கால் இவருடைய காலை ஒட்டி வந்து ஊன்றியது. அதற்கப்புறம்தான் இவர் தன் காலை உருவிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். டாக்டர் கையிலிருந்த தட்டு அசையவே இல்லை.

நான் கைதட்டிவிட்டேன். சர்க்கஸ் பார்த்த மாதிரி இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

“அந்தக் கால் ஏன் கடைசி வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தது?”

“அது ஆக்சிலேட்டர் டாக்டர்.”

“எந்திரிக்கும்போதுமா?”

நாற்காலியில் இருந்த தம்பி தட்டிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தான், சூடு பட்ட மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏங்க, பஸ்ஸை நிறுத்திட்டுத்தானே மாறுவீங்க?”

காப்பகத்தில் பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டு முழிக்கிற முழியை நான் தினமும் பார்க்கிறவள். இரண்டு பேரும் அப்படியே திருதிருவென்று முழித்தார்கள்.

அந்த வண்டியில் நான் படுத்திருக்கிறேன். காலை நீட்டிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஓட்டுவது என் வீட்டுக்காரர் என்ற தைரியத்தில் தூங்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஜனங்கள் படுத்துக் கிடப்பார்கள். அத்தனை பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் ஓடுகிற வண்டியில் சீட்டு மாறி விளையாடியிருக்கிறார்கள்!

“அடப்பாவிங்களா! எத்தனை நாளா நடக்குது இது?”

“அக்கா, கத்தாத. எல்லா வண்டியிலயும் பண்றதுதான். நேர் ரோட்டுலதான் மாறுவோம்.”

“ஸ்பீடைக் குறைச்சுக்கிட்டுத்தான் மாறுவோம்” என்று இவர் ஒத்து ஊதினார். நேர் ரோடாம். ஸ்பீடைக் குறைப்பார்களாம். என்ன ஒரு கரிசனம்!

காரணம் என்ன தெரியுமா? வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டுகிற கருவி ஒன்றை முதலாளி மாட்டிவைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தைத் தவிர வேறு எங்கே நின்றாலும் உடனே போன் வருமாம். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாராம். அந்தப் பேச்சுக்குப் பயந்து நிறுத்தாமல் மாறப் பழகினார்களாம். பழகப் பழக அதில் ஒரு பயமும் தெரியாமல் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போதும் இரண்டு பேரும் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அதுதான் என்னை உலுக்கியது.

நெட்டி டாக்டர் தட்டை மேஜையில் வைத்தார்.

“நீங்க இப்பல்லாம் சுலபமா திருக முடியுதுன்னு போன தடவை சந்தோஷமா சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? நான் உங்களுக்குக் களைப்பு போகட்டும்னு பார்த்தேன். இந்த வேலைக்குத்தான் உங்களைத் தயார் பண்ணி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்.” கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு நான் உங்க முதுகைத் தொட மாட்டேன். இதை விட்டுட்டு வாங்க, பார்க்கலாம்.”

வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும், பையை மூடிக்கொண்டிருந்த மகளிடம் நேராகப் போனேன்.

“நீ இன்னிக்கு உங்கப்பா வண்டியில போகக் கூடாது.”

அவள் திகைத்துப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே வந்தார். உண்மையிலேயே மனசு புண்பட்டிருந்தது அவருக்கு.

“பிள்ளையை ஏன் பயமுறுத்துற? அவ ஏறுற அன்னிக்கு நாங்க ஒரு நாள்கூட அப்படி மாறினதில்ல. வேணும்னா மாப்ளயக் கேளு. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, கீழ இறங்கிச் சுத்தி வந்துதான் மாறுவோம். முதலாளி போன்ல என்ன பேசினாலும் வாங்கிக்குவோம்.”

“சத்தியமா அக்கா. நீ வந்த அன்னிக்கும் அப்படித்தான்” என்றான் தம்பி.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சமாதானமாகிவிடுவேன் என்று நினைத்தார்கள் போல. காலையில் எனக்கு விழுந்தது அடியே இல்லை. இப்போது விழுந்ததுதான் அடி. தெரியாமல் செய்தார்கள், பழக்க தோஷத்தில் செய்தார்கள் என்று வழியெல்லாம் மனசுக்குள் அவர்களுக்காக வாதாடிக்கொண்டு வந்தவள் நான். எல்லாம் தெரிந்தேதான் நடந்திருக்கிறது. ஆபத்து என்று தெரிந்து, தன் பிள்ளைக்கு மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

மகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்போ மத்த நாள்ல படுத்திருந்தவங்க எல்லாம் யாருப்பா?”

அவர் அவளுடைய பையைத் தூக்கக் கை நீட்டினார், அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“லீவுக்கு என் ரூம்மேட் எனக்கு முன்னாடியே உங்க வண்டியிலதான் கிளம்பினா. நான்தான் ஏத்திவிட்டேன். எங்கப்பா ஓட்டுற வண்டிடி, நிம்மதியா தூங்குன்னு சொல்லி அனுப்பினேன்.” அப்பாவை நேராகப் பார்த்தாள். “அன்னிக்கு மாறினீங்களா?”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். அவர் கையாலேயே அவளுக்குத் தட்டு எடுத்து வைத்திருக்கிறார். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகுக்காக உட்காரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

“நான் இன்னிக்கு வரலப்பா” என்றாள் மகள். “பயந்துக்கிட்டு இல்ல. நான் இல்லாத வண்டி நிக்குதான்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு வேற வண்டியில போய்க்கறேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார். இனிமேல் ஓட்டுநர் மாறுவதற்கு வண்டி நிற்கும், கருவியில் அப்படித்தான் காட்டும், போன் பண்ண வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. அப்படியானால் இதுவே உனக்குக் கடைசி ஓட்டமாக இருக்கும் என்றாராம். “சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். தம்பி ஏதோ சொல்ல வந்தான். நான் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டான்.

அன்றைக்கு நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். யாரையும் ஏற்றிவிடுவதற்காக இல்லாமல் நான் அங்கே போய் நின்றது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் ஏறிப் படுக்கைகளில் பையை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் படியில் ஏறி உள்ளே பார்த்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. வழியில டிரைவர் மாறுறதுக்காக வண்டி நிக்கும். போய்ச் சேர கொஞ்சம் லேட்டாகும்.”

முன்வரிசைப் படுக்கையில் இருந்த ஒரு பெண், தோளில் தூங்குகிற குழந்தையோடு, முகம் சுளித்தாள். “என்னண்ணே புதுசா? நான் அடிக்கடி வர்றேன். ஒரு நாளும் நின்னு பார்த்ததில்லையே.”

ஏதாவது பூசி மெழுகிவிட்டுப் போவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மெழுகவில்லை.

“நின்னதில்லம்மா. ஓட்டிக்கிட்டேதான் மாறிக்கிட்டு இருந்தோம். தப்பு. இனிமே அப்படி இல்ல.”

ஒருவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். இன்னொருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். சில பேர் மடமடவென்று இறங்கினார்கள். அந்தப் பெண்ணும் குழந்தையோடு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க யாரை ஏத்திவிட வந்தீங்க அக்கா?”

“யாரையும் இல்லம்மா. அவர் என் வீட்டுக்காரர்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். “உங்க பிள்ளையை இந்த வண்டியில ஏத்துவீங்களா?”

“இத்தனை நாள் ஏத்தினேன். எம் பொண்ணு வர்ற அன்னிக்கு மட்டும் நிறுத்தித்தான் மாறினாங்களாம். இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்.” பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அவர் படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கீழே இறங்கி வந்தார்.

“இன்னிக்கு உங்க குழந்தை இருக்குல்லம்மா. கண்டிப்பா நிறுத்துவேன். ஏறுங்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“நேத்தும் யாரோட குழந்தையாவது இருந்திருக்கும்லண்ணே?”

அவர் பஸ்ஸின் அடிப்பெட்டியைத் திறந்து, குனிய முடியாமல் குனிந்து, அவளுடைய பையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.